எந்திரன்களில் ஒளிப்படக்கருவி, கட்டுப்படுத்தி இணைப்புக் கோளாறுகள்

எந்திரன்களில் ஏற்படும் இணைப்புக் கோளாறுகள் என்பன, எந்திரன் ஒன்றின் ஒளிப்படக்கருவி, கணினி, மோட்டார் கட்டுப்படுத்தி ஆகியவற்றுக்கிடையே தரவு செல்வது தடைப்படும் நிலைகளைக் குறிக்கும். பொழுதுபோக்கிற்காகவும் கல்விக்காகவும் உருவாக்கப்படும் சிறிய எந்திரன்களில் இவை அடிக்கடி காணப்படுகின்றன. படம் தோன்றாமை, படம் இடையில் உறைந்துபோதல், கட்டளையிட்டும் சக்கரம் சுழலாமை, கணினி தானாகவே மறுதொடக்கம் ஆதல் ஆகியன பொதுவான அறிகுறிகளாகும். தரவு இணைப்பின் பழுதாகத் தோன்றும் பல கோளாறுகளின் மூலம் மின்வழங்கலிலோ கம்பியிலோ இருக்கக்கூடும். ஆகவே நிரலைத் திருத்துமுன் இவ்விரண்டையும் சோதிப்பது முறையாகும்.

அமைப்பு

இவ்வகை எந்திரன்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பு, ராஸ்பெரி பை கணினியும் ஆர்டுயினோ உனோ பலகையும் இணைந்ததாகும். ராஸ்பெரி பை, 2012 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியான ஒற்றைப்பலகைக் கணினி ஆகும். ஆர்டுயினோ, 2005 ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் தொடங்கிய திட்டமாகும். கணினி, ஒளிப்படக்கருவியிலிருந்து படத்தைப் பெற்று ஆராய்ந்து கட்டளையை அனுப்பும். உனோவிலுள்ள நுண்கட்டுப்படுத்தி அக்கட்டளையைப் பெற்று, மோட்டார் இயக்கிச் சுற்று வழியாகச் சக்கரங்களைச் சுழற்றும். எனவே ஒளிப்படக்கருவிக்கும் கணினிக்கும் இடையில் ஒன்று, கணினிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையில் ஒன்று என இரு தரவு இணைப்புகளும், அனைத்திற்கும் பொதுவான மின்வழங்கலும் இதில் உள்ளன.

மின்வழங்கல்

மோட்டார் ஒன்று நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதும், சக்கரம் தடைபட்டு நிற்கும்போதும், சீராக ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். மோட்டாரும் கணினியும் ஒரே மின்கலத்தைப் பகிர்ந்தால் அக்கணத்தில் மின்னழுத்தம் சரியும். ராஸ்பெரி பை 5 வோல்ட்டில் இயங்குவது. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டிற்குக் கீழே இறங்கினால், இணைத்துள்ள திரையில் மின்னல் குறியைக் காட்டும். திரை இல்லாத எந்திரனில் இவ்வெச்சரிக்கையை இயக்கு தளத்தின் பதிவேட்டில் காணலாம்.

எந்திரன் நிற்கும்போது படம் சரியாக வந்து, நகரத் தொடங்கியதும் நின்றுபோனால் மின்வழங்கலையே முதலில் ஐயுற வேண்டும். மோட்டாருக்கும் கணினிக்கும் தனித்தனி மின்கலங்களைப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வாகும். அவ்வாறு பிரிக்கும்போது இரு மின்சுற்றுகளின் புவிமுனைகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இல்லையெனில், உனோ அனுப்பும் குறிப்பலையை மோட்டார் இயக்கிச் சுற்று சரியாக உணராது.

ஒளிப்படக்கருவி இணைப்பு

ராஸ்பெரி பை ஒளிப்படக்கருவி, தட்டையான நாடாக் கம்பியால் இணைக்கப்படுவது. இதில் காணப்படும் பொதுவான கோளாறுகள் பின்வருமாறு:

1. நாடாவின் மின்தொடு பக்கம் தலைகீழாகச் செருகப்படுதல், அல்லது சாய்வாகச் செருகியபின் பூட்டு அழுத்தப்படுதல்.
2. ராஸ்பெரி பை 4 வரையிலான முழு அளவுப் பலகைகளில், ஒரே வடிவுடைய திரை இணைப்பியில் தவறாகச் செருகப்படுதல்.
3. பொருந்தாத நாடா. அப்பலகைகளின் இணைப்பி 15 முனைகள் உடையது. 2023 இல் வெளியான ராஸ்பெரி பை 5 இன் இணைப்பி 22 முனைகள் உடையது. எனவே பழைய ஒளிப்படக்கருவிகளை அதில் இணைக்க மாற்று நாடா தேவை.
4. எந்திரனின் அதிர்வால் நாடா தளர்தல்.

மின்சாரம் பாயும்போது நாடாவைச் செருகவோ கழற்றவோ கூடாது.

நாடா சரியாக இருந்தும் படம் வராவிடின் மென்பொருளைக் கவனிக்க வேண்டும். 2021 நவம்பரில் வெளியான புல்சை இயக்கு தளப் பதிப்பிலிருந்து, லிப்கேமரா என்னும் புதிய மென்பொருள் அமைப்பு பழையதற்கு மாற்றாக வந்தது. இதனால் முந்தைய நூல்களிலும் பாடங்களிலும் உள்ள நிரல்கள் புதிய பதிப்புகளில் மாற்றமின்றி இயங்குவதில்லை. கருவி பழுதடைந்துவிட்டது எனத் தவறாக எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கட்டுப்படுத்தி இணைப்பு

உனோவைக் கணினியுடன் யூ.எஸ்.பி. கம்பியால் இணைப்பது எளிய வழியாகும். மின்னேற்றத்திற்கு மட்டுமே பயன்படும் சில கம்பிகளில் தரவு இழைகள் இருப்பதில்லை. அவற்றால் இணைத்தால் உனோவின் விளக்கு எரியும். ஆனால் கணினி அதனை அறியாது.

கணினி நிரல் தொடர் இணைப்பைத் திறக்கும்போது உனோ மறுதொடக்கம் ஆகும். அதன் தொடக்க நிரல் முடிய ஓரிரு நொடிகள் ஆகும். அதற்குள் அனுப்பப்படும் கட்டளைகள் வீணாகும். இணைப்பைத் திறந்தபின் 2 நொடி காத்திருப்பது, அல்லது உனோவிலிருந்து ஆயத்தச் செய்தி வந்தபின் கட்டளை அனுப்புவது இதற்குத் தீர்வாகும். பொருளற்ற எழுத்துகள் வந்தால் இரு பக்கமும் தரவு வேகம் ஒன்றாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். 9600, 115200 ஆகியன வழக்கமான வேகங்கள்.

முனைகளை நேரடியாகக் கம்பியால் இணைக்கும்போது மின்னழுத்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உனோவின் முனைகள் 5 வோல்ட்டிலும், ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டிலும் இயங்குவன. உனோ அனுப்பும் 5 வோல்ட்டு, ராஸ்பெரி பையை நிலையாகப் பழுதாக்கக்கூடும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடைகளால் ஆன மின்னழுத்தப் பகுப்பி, தொடர் இணைப்பின் 5 வோல்ட்டை ஏறத்தாழ 3.3 வோல்ட்டாகக் குறைக்கும்.

சோதனை வரிசை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிப்பது பழுதாய்தலின் அடிப்படை விதியாகும்.

1. எந்திரனைக் கட்டை மீது வைத்து, சக்கரங்கள் தரையைத் தொடாதவாறு உயர்த்துதல்.
2. மோட்டார்களைக் கழற்றிவிட்டு, கணினியின் மின்னழுத்தத்தைப் பன்மானியால் அளத்தல்.
3. ஒளிப்படக்கருவியை மட்டும் இணைத்து ஒரு படம் எடுத்தல்.
4. உனோவை மட்டும் இணைத்து, அனுப்பிய எழுத்து திரும்பி வருகிறதா எனப் பார்த்தல்.
5. மோட்டார்களை இணைத்து அனைத்தையும் சேர்த்து இயக்குதல்.
6. இறுதியாகத் தரையில் ஓடவிட்டு மின்னழுத்தத்தை மீண்டும் அளத்தல்.

உயர்த்திய நிலையில் மோட்டார்கள் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால், மின்வழங்கற் குறை அப்போது வெளிப்படாமல் போகலாம். ஆகவே இறுதிச் சோதனையைத் தவிர்க்கலாகாது.

இணைப்பு அறுந்த நிலையில் பாதுகாப்பு

"முன்னே செல்" என்னும் கட்டளையைப் பெற்ற கட்டுப்படுத்தி, அடுத்த கட்டளை வரும்வரை அதனையே செயற்படுத்தும். இடையில் இணைப்பு அறுந்தால் எந்திரன் நிற்காமல் ஓடி, படிக்கட்டிலிருந்து விழவோ அருகில் உள்ளோரைக் காயப்படுத்தவோ கூடும். இதனைத் தவிர்க்க, குறித்த நேரத்திற்குள், எடுத்துக்காட்டாக அரை நொடிக்குள், புதிய கட்டளை வராவிடின் மோட்டார்களை நிறுத்துமாறு உனோவின் நிரலை அமைக்க வேண்டும். கணினி செயலிழந்தாலும் இயங்க வேண்டியதால், இப்பாதுகாப்பு கணினியில் அன்றிக் கட்டுப்படுத்தியிலேயே இருத்தல் இன்றியமையாதது. சக்கரங்கள் உயர்த்தப்பட்ட நிலையில், அவை சுழலும்போது யூ.எஸ்.பி. கம்பியைக் கழற்றிப் பார்த்து இதனைச் சோதிக்கலாம். உனோவுக்குத் தனி மின்வழங்கல் இருந்தால் மட்டுமே இச்சோதனை பொருந்தும். உனோ அக்கம்பி வழியாகவே மின்சாரம் பெறுமாயின், கம்பியைக் கழற்றாமல் கணினி நிரலை நிறுத்திச் சோதிக்க வேண்டும்.