ஆலோசனை வாரியத்தில் இடம், அதிகாரம் யாரிடம்?

அரசு ஒரு ஆலோசனைக் குழு அமைத்தால், அதில் நம்மவருக்கு இடம் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்த இடத்துக்கு என்ன அதிகாரம் என்றும் கேட்டாக வேண்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் வரலாறு அதைத்தான் சொல்கிறது.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம் மத்தியிலும் மாநிலங்களிலும் ஆலோசனை வாரியங்களுக்கு வழி செய்தது. மத்திய வாரியத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை, முதலாளிகளும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்த எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது என்றது அந்தச் சட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உறுப்பினர்களை நியமித்தது அரசு. ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யுமுன் வாரியத்தைக் கலந்தாலோசிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு முடிவெடுத்ததும் அரசுதான்.

1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் அதிகார வரம்புக்குட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், காவல் ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்தத் தடை விதித்தது. துடைப்பம் யார் கையில் திணிக்கப்பட்டது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது. அவர்களை நிறுவனமே நேரடியாக ஏற்க வேண்டும் என்றது.

2001 ஆகஸ்ட் 30 அன்று எல்லாம் தலைகீழானது. ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தீர்ப்பு நாளிலிருந்து அந்த அறிவிக்கை செல்லாது என்றது. காரணம்? வேலை நிரந்தரத் தன்மை கொண்டதா, வழக்கமாக நிரந்தர ஊழியர்கள் செய்வதா என்று சட்டம் கேட்ட கேள்விகளை நிறுவனம் நிறுவனமாகப் பரிசீலிக்காமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடை போட்டதுதான். அரசு செய்யாமல் விட்ட வேலைக்குத் தண்டனை தொழிலாளிக்கு!

2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. மைய வேலைகளில் ஒப்பந்த முறைக்குத் தடை என்று சொல்லிவிட்டு, தூய்மைப் பணிக்கென்றே நடக்கும் நிறுவனங்கள் தவிர மற்றவற்றில் அப்பணியை மைய வேலைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சேரி ஊருக்கு வெளியே. தூய்மைப் பணி சட்டத்துக்கு வெளியே.

இளம் தோழர்களே, குழுவில் நாற்காலி கேட்பதோடு நிற்காதீர்கள். என்ன பேசப்பட்டது, எது பரிசீலிக்கப்பட்டது, அரசு எதை ஏற்றது, எதை ஏன் தள்ளியது என்று எழுத்தில் கேளுங்கள். ஆலோசனைக் குழுக்களின் விவரங்களையும், கூட்டக் குறிப்புகளை மக்கள் பார்க்கலாமா என்பதையும் அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. பதிவில்லாத ஆலோசனை நீதிமன்றத்தில் நம்மைக் காப்பாற்றாது.