இயந்திர இசையும் பாயிர மரபும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நான்கு வரிகளைத் தட்டச்சு செய்தால், மெட்டும் தாளமும் குரலும் அமைந்த பாடல் ஒன்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி சிறிது நேரத்தில் உருவாக்கித் தருகிறது. அப்பாடலுக்குரிய காட்சிகளை அமைத்துத் தரும் கருவிகளும் வந்துவிட்டன. இயந்திரத்தால் படைக்க இயலுமா என்னும் வினாவே இது குறித்த விவாதங்களில் முன்னிற்கிறது. ஆயின், அப்பாடல் எவ்வழி வந்தது என்பது அதனினும் அடிப்படையான வினாவாகும். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியவையாக எட்டுச் செய்திகளைக் குறிப்பிடுகிறார். அவற்றுள் முதலிரண்டும் ஆக்கியோன் பெயரும் வழியும் ஆகும். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு இயந்திர இசையின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விதிவழி இசை

சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பு இயந்திரம் குறித்து 1843இல் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ், இசையொலிகளுக்கு இடையிலான உறவுகளைக் குறியீடுகளாக்க முடியுமாயின் அவ்வியந்திரம் இசையையும் இயற்றக்கூடும் எனக் கருதினார். இக்கருத்துக்கு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செயல்வடிவம் கிடைத்தது. லெஜாரன் ஹில்லர், லெனார்ட் ஐசக்சன் ஆகிய இருவரும் இல்லியாக் என்னும் கணினியைக் கொண்டு 1956, 1957ஆம் ஆண்டுகளில் நால்வர் இசைக்கும் நரம்பிசைக் கோவை ஒன்றை உருவாக்கினர். கணினி தற்போக்கில் எண்களை ஈன்றது, மரபிசை விதிகளோடு பொருந்தாதவை நீக்கப்பட்டன, எஞ்சியவை சுரங்களாயின. அவற்றை இசைத்தவர்கள் மனிதக் கலைஞர்களே. விதிகளைத் தெரிவு செய்தவர் யாவர் என்பதும், அவை எங்கிருந்து பெறப்பட்டன என்பதும் தெளிவாகத் தெரிந்தன.

பெல் ஆய்வுக்கூடத்தில் 1961இல் கணினி முதன்முதலாகப் பாடியது. ஜான் கெல்லியும் கேரல் லாக்பாமும் குரலொலியைச் செயற்கையாக உருவாக்க, மேக்ஸ் மேத்யூஸ் பின்னணி இசையை அமைத்தார். அக்குரல் எவரிடமிருந்தும் பெறப்பட்டதன்று, கணிதத்தால் ஆக்கப்பட்டது.

மாதிரிவழி இசை

1980களில் டேவிட் கோப் என்னும் இசையறிஞர் வேறொரு நெறியைக் கையாண்டார். பாக் முதலிய இசைமேதைகளின் ஆக்கங்களைக் கணினியால் பகுத்து, அவற்றின் கூறுகளை மறுசேர்க்கை செய்து புதிய ஆக்கங்களை உருவாக்கினார். விதிகள் முன்னையோர் ஆக்கங்களிலிருந்தே வருவிக்கப்பட்டன. ஆயினும், எவருடைய நடை பின்பற்றப்பட்டது என்பது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டமையால் இதனை வழிநூலுக்கு ஒப்பிடலாம். ஜப்பானில் 2007இல் வெளிவந்த ஹாட்சுனே மிகு என்னும் பாடற்குரல் மென்பொருளுக்குச் சாகி ஃபுஜிதா என்னும் குரற்கலைஞர் தம் குரலைப் பதிவு செய்து வழங்கினார். அங்கும் குரலின் வழி மறைக்கப்படவில்லை.

2020இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஜூக்பாக்ஸ் 12 லட்சம் பாடல்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. அவற்றுள் 6 லட்சம் ஆங்கிலப் பாடல்கள். இத்துணைப் பெருந்தொகையில் ஒரு பாடகரின் பங்கு எது எனப் பிரித்தறிதல் அரிது. சூனோ, யூடியோ ஆகிய கருவிகள் பரவலானபின் இச்சிக்கல் நீதிமன்றத்தை எட்டியது. தங்கள் ஒலிப்பதிவுகள் இசைவின்றிப் பயன்படுத்தப்பட்டன எனப் பெரும் இசை நிறுவனங்கள் 2024 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. 2025இன் இறுதியில் அவற்றுட் சில உரிம ஒப்பந்தங்களுக்கு உடன்பட்டன.

ஆக்கியோன் பெயரும் இதனால் ஐயத்திற்குரியதாயிற்று. ஏவற்சொற்களை மட்டும் எழுதியவர் அவ்வெளியீட்டின் ஆசிரியராகார் என அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் கருத்துரைத்தது. காணொளியின் நிலை சற்று வேறுபட்டது. வாஷ்ட் அவுட் இசைக்குழுவின் பாடலொன்றுக்கு 2024இல் பால் டிரில்லோ சோரா என்னும் கருவியால் காட்சிகளை உருவாக்கியபோது, ஏறத்தாழ 700 துணுக்குகளிலிருந்து 55ஐத் தெரிந்து தொகுத்தார். தெரிவும் தொகுப்பும் மனிதருடையனவாகவே இருந்தன.

தமிழ்த் திரையிசையில் குரலுரிமை

இவ்வினா தமிழுக்கும் புறம்பானதன்று. 'லால் சலாம்' திரைப்படப் பாடலொன்றில் 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின்வழி ஏ.ஆர். ரகுமான் மீட்டுருவாக்கினார். குடும்பத்தாரின் இசைவு பெறப்பட்டதையும் ஊதியம் வழங்கப்பட்டதையும் 2024 ஜனவரியில் அவரே அறிவித்தார். அவ்வாண்டிலேயே, மறைந்த பவதாரிணியின் குரல் அவர்தம் உடன்பிறந்தவரான யுவன் சங்கர் ராஜாவின் இசையில் மீண்டும் ஒலித்தது. மாறாக, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் தெலுங்குத் திரைப்படமொன்றில் இசைவின்றி மீட்டுருவாக்கப்பட்டது எனக் கூறி அவர்தம் குடும்பத்தார் சட்ட அறிவிக்கை அனுப்பினர். தொழில்நுட்பம் ஒத்ததாயினும், வழி அறிவிக்கப்பட்டதும் அறிவிக்கப்படாததுமே இவற்றை வேறுபடுத்துகின்றன.

முடிவுரை

இயந்திர இசை விதியிலிருந்து மாதிரிக்கு நகர்ந்தபோது, அதன் மூலப்பொருள் மனித உழைப்பாக மாறியது என்பதையும், அந்நிலையிலேயே மூலத்தார் பெயர் மறையத் தொடங்கியது என்பதையும் மேற்கண்ட வரலாறு புலப்படுத்துகிறது. தமிழாசிரியர்க்கு இது நேரடித் தொடர்புடையதாகும். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிக்கப் பாடலொன்றை உருவாக்குவோர், அதிலொலிக்கும் குரல் எவ்வழி வந்தது என அறியாவிடின், அதன் ஒலிப்பையும் செவிகொடுத்துச் சரிபார்க்காமல் மாணவர்க்கு முன்மாதிரியாக்க இயலாது. எனவே, இத்தகைய ஆக்கங்களை வகுப்பறையிலோ மேடையிலோ பயன்படுத்துவோர், வரிகளை எழுதியவர் எவர், கையாண்ட கருவி யாது, குரல் எவருடையது, இசைவு பெறப்பட்டதா என்னும் நான்கையும் ஆக்கத்தின் தொடக்கத்திலேயே குறிப்பிடுதல் வேண்டும். குரல் எவருடையது எனத் தெரியாதபோது, தெரியவில்லை என எழுதுவதே நேர்மையாகும். மாணவர் படைப்புகளை மதிப்பிடும்போதும் இக்குறிப்பைக் கட்டாயமாக்கலாம். பாயிரம் கூறி நூலைத் தொடங்கும் மரபில் வந்தோர்க்கு இது புதிய சுமையன்று.