புற்கட்டி வீடுகளும் குடும்பக் கதைகளும்

நெப்ராஸ்கா, கன்சாஸ், டகோட்டா என விரிந்து கிடக்கும் அமெரிக்கப் புல்வெளியில் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் குடியேறியவர்களின் பாடுகள் பெரும்பாலும் வாய்வழியாகவே பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கதைகளில் உழைப்பு நிறைய உண்டு, தோல்வி குறைவு.

குடியேற்றத்துக்கு வழி திறந்தது 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். குடும்பத் தலைவரோ 21 வயது நிரம்பியவரோ 160 ஏக்கர் அரசு நிலம் கேட்டு மனுப் போடலாம். கட்டணம் மொத்தம் 18 டாலர். ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். மணமாகாத பெண்களும் விதவைகளும்கூட மனுப் போட முடிந்தது.

நிலம் கிடைத்தது, வீடு கட்ட மரம் கிடைக்கவில்லை. புல்வேர்கள் பின்னிக் கிடந்த மேல்மண்ணைக் கலப்பையால் ஓரடி அகலப் பட்டைகளாக உரித்து, துண்டுபோட்டு, செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கிப் புற்கட்டி வீடுகள் கட்டினார்கள். இரண்டு மூன்று அடி கனமுள்ள அந்தச் சுவர்கள் கோடையில் குளுமையும் குளிர்காலத்தில் கதகதப்பும் தந்தன. தொல்லையெல்லாம் கூரையால்தான். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சேறு சொட்டிக்கொண்டிருக்கும். மண்ணும் பூச்சியும் எப்போதாவது பாம்பும் தலையில் விழாதிருக்க, மேலே துணி கட்டினார்கள். விறகுக்குப் பதில் காட்டெருமையின் காய்ந்த சாணம். காட்டெருமைகள் அழிந்த பின் மாட்டுச் சாணம், முறுக்கிய வைக்கோல், மக்காச்சோளச் சக்கை. முதலில் குச்சியால் தள்ளிச் சாணம் பொறுக்கிய பெண்கள் சில மாதங்களில் வெறுங்கையால் அள்ளப் பழகியதைக் குடும்பங்கள் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தன.

சிரிக்க முடியாத கதைகளும் உண்டு. 1874 கோடையில் வெட்டுக்கிளிக் கூட்டம் வானத்தை மறைத்து இறங்கி, பயிரோடு நிற்காமல் கொடியில் காய்ந்த துணியையும் வியர்வை உப்பு ஊறிய மண்வெட்டிக் காம்பையும் அரித்தது. 1888 ஜனவரி 12 இதமாக விடிந்தது. பிள்ளைகள் மெல்லிய உடையில் பள்ளிக்குப் போனார்கள். பகலில் திடீரென வீசிய பனிப்புயலில் வீடு திரும்பும் வழியிலேயே பலர் உறைந்து இறந்தார்கள்.

எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது. நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தில் சாலமன் புட்சர் 1886 முதல் குடியேறிகளைப் புகைப்படம் எடுத்தார். ஒரு குடும்பத் தலைவி புற்கட்டி வீடு படத்தில் விழக் கூடாது என்றார். ஆர்கன் பெட்டியை வெளியே இழுத்து வந்து, அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊரிலுள்ள உறவினர் பார்க்கும் படம் அல்லவா!

கன்சாஸின் நிக்கோடிமஸ் ஊரின் நினைவுகள் வேறு மாதிரி. 1877இல் கெண்டக்கியிலிருந்து வந்த, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் உருவாக்கிய ஊர் அது. துண்டறிக்கைகள் வளமான ஊரைப் பற்றிப் பேசின. வந்து பார்த்தால் வீடுகள் தரைக்குள் தோண்டிய பொந்துகள். நிலத்திலிருந்து புகை எழுவதைக் கண்டு அதுதான் ஊர் என்று அறிந்ததும் ஒரு போதகரின் மனைவி அழுததாக அவரே பின்னாளில் சொன்னார். ஏமாந்ததை இங்கே யாரும் மறைக்கவில்லை. முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடி வேட்டைக்காரர்கள் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதாகவும் சொல்வார்கள். ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் வழித்தோன்றல்கள் அங்கே கூடுகிறார்கள்.

அதே ஓசேஜ் மக்களின் நிலத்தில்தான் நாவலாசிரியர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் தந்தை 1869 வாக்கில் கன்சாஸில் குடிசை போட்டார். சட்டப்படி அதற்கு அவருக்கு உரிமை இல்லை. அந்த வாழ்க்கையைக் கொண்டு லாரா எழுதிய நாவல் 1935இல் வெளிவந்தது. குழந்தையாகவே இறந்த தம்பிக்கும், அயோவாவில் தந்தை பிறரிடம் கூலிக்கு உழைத்த நாட்களுக்கும் அவருடைய நாவல்களில் இடமில்லை. டகோட்டாவில் லாராவும் கணவரும் நடத்திய வேளாண்மை வறட்சியாலும் கடனாலும் நொடித்தது, ஆண் குழந்தை இறந்தது, வீடு எரிந்தது. 1894இல் அவர்கள் மிசூரிக்குப் போனார்கள். டகோட்டா ஆண்டுகளைப் பற்றி லாரா எழுதிய கையெழுத்துப் படி அவர் வாழ்ந்தவரை அச்சேறவில்லை. 1957இல் இறந்தார், நூல் 1971இல் வெளிவந்தது.