துவக்கும் அனுமதிப்பத்திரமும்: சபரகமுவைத் தோட்டங்களின் கதை

1848 ஆம் ஆண்டில் இலங்கைத் தேசாதிபதியாக இருந்த டொரிங்டன் பிரபு, கண்டி நாட்டுக் குடியானவன்மீது ஒரே மூச்சில் பல வரிகளைச் சுமத்தினார். நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கும் வள்ளத்துக்கும் வரி. வீதிச் சட்டமோ ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பு, அன்றேல் மூன்று சிலிங் என்றது. இவற்றோடு, துவக்கு வைத்திருப்பவன் எவனும் துவக்கொன்றுக்கு ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்ஸ் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற கட்டளையும் வந்தது.

கோப்பி விலை வீழ்ந்து அரசாங்க வருமானம் குன்றியிருந்த காலம் அது. நாட்டில் ஆயுதங்கள் பெருகிவிட்டன என்ற கவலையைவிட, கஜானா வெறுமையாகிவிட்டது என்ற கவலையே இந்த வரியைப் பெற்றெடுத்தது. ஆயினும் அது தொட்ட இடம் சாதாரணமான இடமன்று. காட்டோரத்துச் சேனையில் குரக்கனும் சோளமும் விதைத்த சிங்களக் குடியானவனுக்குத் துவக்கு மண்வெட்டியைப் போன்றதொரு கருவி. பன்றியும் மானும் யானையும் ஓரிரவில் அவனுடைய ஆண்டுச் சோற்றை அழித்துவிடும். அவன் கையிலிருந்ததோ பெரும்பாலும் உள்ளூர்க் கொல்லன் அடித்துக் கொடுத்த பழைய இடியன். பண்டம் மாற்றி வாழ்ந்தவனிடம் காசாக 2 சிலிங் 6 பென்ஸ் கேட்டால், துவக்கைக் கொடு, அல்லது பயிரைக் கொடு என்று கேட்பதற்கே அது ஒப்பாகும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் ஏற்கெனவே அவனுடைய காட்டைப் பறித்துக் கோப்பித் தோட்டக்காரர் முன்னே விரித்திருந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சி யாவரும் அறிந்ததே. புரான் அப்பு 1848 ஆகஸ்டு 8 இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். டொரிங்டன் 1850 இல் திருப்பி அழைக்கப்பட்டார். வரிகளின் கடுமை பின்னர் தளர்ந்தது. ஆனால், கிராமத்தான் கையிலுள்ள துவக்கு அரசாங்கத்தின் ஏட்டில் பதியப்பட வேண்டும் என்ற எண்ணம் தளரவில்லை.

இதே ஆண்டுகளில்தான் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கூலியாட்கள் மன்னாரில் இறங்கி, மாத்தளைக் காட்டுவழியே நடந்து மலைநாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி 1848 இன் துவக்குச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கம்பளியும் சட்டியும் தவிர வேறொன்றும் சுமந்து வராதவனிடம் எந்தத் துவக்குக்கு வரி கேட்பது? சபரகமுவைத் தோட்டத் தொழிலாளியின் வரலாற்றில் இந்த மௌனம் நெடுங்காலம் நீடித்தது. சட்டம் அவனைத் தடுக்கவில்லை. அவனை நினைக்கவே இல்லை.

கேகாலைக்கும் மாவனல்லைக்கும் இடையே, கொழும்பு–கண்டி வீதியைப் பார்த்தபடி நிற்கிறது உதுவன்கந்தை. அம்மலையை அரணாகக் கொண்டு சரதியேல் வழிப்பறி நடத்தினான். அவனைப் பிடிக்கப் போன 1864 மார்ச் 21 இல், அவனுடைய கூட்டாளி மம்மலே மரிக்கார் சுட்டதில் சபான் என்ற பொலீஸ்காரர் உயிரிழந்தார். அதே ஆண்டு மே 7 இல் இருவரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். சரதியேலை ஏழை பங்காளனாக்கும் கதைகளை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை, கொள்ளைக்காரன் கொள்ளைக்காரனே. எனினும், தோட்டங்களின் கோப்பி மூட்டைகள் கொழும்புக்கு இறங்கிய வீதியில் கிராமத்தான் ஒருவனின் துவக்கு எழுப்பிய அச்சத்தை ஆட்சியாளர் எளிதில் மறந்திருக்க முடியாது.

கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, களனிப் பள்ளத்தாக்கு, இரத்தினபுரிச் சரிவுகளில் இறப்பர் பரவியது. 1889 இல் சபரகமுவை தனி மாகாணமாயிற்று. 1900 இல் இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப் படை அமைக்கப்பட்டது. பெயரே அதன் இயல்பைச் சொல்லும். ஐரோப்பியத் துரைமார் வார நாட்களில் தோட்டக் கணக்கையும், பயிற்சி நாட்களில் துவக்கையும் பார்த்தார்கள். 1949 இல் கலைக்கப்படும்வரை அப்படை இருந்தது.

1915 இல் சிங்கள–முஸ்லிம் கலவரம் வெடித்தபோது சபரகமுவையும் இராணுவச் சட்டத்தின் கீழ் வந்தது. ஐரோப்பியத் தொண்டர்கள் ஆயுதமேந்திக் கிராமங்களில் புகுந்தனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோரும் உண்டு. அடுத்த ஆண்டில் பிறந்ததுதான் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டம். பலமுறை திருத்தப்பட்ட போதிலும், இலங்கையில் இன்றும் துவக்குக்கு அடிப்படைச் சட்டம் இதுவே.

இச்சட்டத்தின் நெறி எளிது. அனுமதிப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருக்கலாகாது. இறக்குமதிக்கு அனுமதி, விற்பனைக்கு அனுமதி, கைமாற்றத்துக்கு அனுமதி. பத்திரம் ஆளுக்குரியது, தந்தையின் துவக்கு மகனுக்குத் தானாகச் சென்றுவிடாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வழங்கும் அதிகாரம் மாவட்டத்தின் அரசாங்க அதிபர் கையில். 1878 ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அங்கே லிட்டன் பிரபுவின் ஆட்சி இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகவே பாகுபாடு செய்தது. அந்த வெட்கங்கெட்ட வெளிப்படைத்தன்மை ஒருவகையில் நேர்மையானது. எதை எதிர்க்க வேண்டும் என்பதை அது மக்களுக்குக் காட்டிக் கொடுத்தது. தகுந்த காரணத்தைக் காட்டு, அதிபருக்குத் திருப்தியானால் பத்திரம் கிடைக்கும் என்ற முறையில் எதிர்ப்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை.

தகுந்த காரணம் எது? காணியும் பயிரும் காரணம். தோட்டமும் பங்களாவும் காரணம். ஆகவே பெரிய துரையின் சுவரில், மான்கொம்பின் பக்கத்தில், துவக்கு தொங்கியது. அடுத்த கிராமத்தில் காணியுள்ள பெரியவர் ஒருவர் ஒற்றைக்குழலொன்று வைத்திருந்தார். லயத்தில் பத்தடி அறையில் வாழ்ந்தவனுக்குக் காணியில்லை. அவன் படுத்த தரையும் தோட்டத்துக்குரியது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு நாடும் இல்லை. எந்தக் காரணத்தை எழுதி அவன் அதிபரிடம் செல்வான்? துவக்கின் எதிர்ப்புறத்தில் மட்டுமே அவனுக்கு இடம் இருந்தது. சபரகமுவைக்கு வெளியே, முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலீசாரின் குண்டுக்குப் பலியான கோவிந்தனை மலையகம் மறந்ததில்லை.

விருப்புரிமை என்ற இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1956 இல், வீட்டில் குண்டு வீசப்பட்ட மார்ட்டின் லூதர் கிங் துவக்கு அனுமதி கேட்டபோது அலபாமா அதிகாரிகள் மறுத்தனர். அதே நாட்டில் 2022 இல் ஒரேகன் மாநிலத்தார் வாக்களித்து நிறைவேற்றிய சட்டமோ, துவக்கு வாங்க முன்னனுமதி வேண்டும், பத்து ரவைக்கு மேற்பட்ட ரவைக்கூடு கூடாது என்கிறது. துவக்குடையோர் அதை எதிர்த்து நீதிமன்றம் ஏறினர். ரவைக்கூட்டில் பத்தா, முப்பதா என்று வாதாடுபவனிடம் துவக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பதை நம்முடைய மாணவர்கள் கவனிக்க வேண்டும். இலங்கையிலும் 1996 ஆம் ஆண்டின் திருத்தம் தானியங்கித் துவக்கையும், மீள மீளச் சுடும் வேட்டைத் துவக்கையும் தனியே பிரித்துத் தண்டனையைக் கடுமையாக்கியது. கிராமத்தானின் ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும் வேறு வகையின.

தொழிலாளி கையில் துவக்கு இருந்திருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும் என்று இக்கட்டுரை வாதிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். 1971 ஏப்ரிலைச் சபரகமுவை அறியும். மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி மிகக் கடுமையாக நடந்த மாவட்டங்களில் கேகாலை ஒன்று. அதன் சில பகுதிகள் நாட்கணக்கில் இளைஞர் வசம் இருந்தன. கைக்குண்டுகளை அவர்களே செய்தார்கள். துவக்கை எங்கே பெற்றார்கள்? வீடுகளிலும் தோட்டங்களிலும் இருந்த வேட்டைத் துவக்குகளைப் பறித்தார்கள். எந்த வீட்டில் துவக்கு உண்டு என்பது கிராமத்துக்குத் தெரியாத இரகசியமன்று. பன்றிக்கென்று பத்திரம் பெற்ற ஆயுதம் சில நாட்களில் பொலீஸ் நிலையத்தை நோக்கித் திரும்பியது. பிறகு ஆயிரக்கணக்கான இளைஞர் மாண்டனர். அவ்விளைஞருக்கு நடத்தப்பட்ட ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. லயத்துத் தமிழனை அது தோழனாகக் காட்டவில்லை. அந்தக் கிளர்ச்சியின் துவக்கும், அதை அடக்கிய துவக்கும், இரண்டுமே அவனுடையவை அல்ல.

பத்தாண்டு சென்றது. 1977 இல் ஒருமுறை தாக்கப்பட்ட தோட்டங்கள் 1981 ஆகஸ்டில் மீண்டும் தாக்கப்பட்டன. இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை, கேகாலை எனப் பரவிய வன்முறையில் லயங்கள் எரிந்தன. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைப் பாத்திகளுக்குள்ளும் இறப்பர்க் காட்டுக்குள்ளும் ஒளிந்தனர். அம்மாதம் 17 இல் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. பலர் அந்த மண்ணைக் கைவிட்டு வவுனியாப் பக்கம் சென்று குடியேறினர். தோட்டங்கள் அப்போது வெள்ளைக்காரக் கம்பனிகளுடையவை அல்ல. 1975 இலேயே அரசுடைமையாகிவிட்டன. அரசாங்கத்தின் காணியில், அரசாங்கத்தின் லயத்தில், அரசாங்கத்தின் தொழிலாளி தாக்கப்பட்டான். ஆயுதக் கட்டுப்பாடு என்பது குடிமகனுக்கும் அரசுக்குமிடையே ஓர் ஒப்பந்தம்: நீ ஆயுதம் ஏந்தாதே, உன்னை நான் காப்பேன். ஒப்பந்தத்தில் தன்னுடைய பங்கைச் சபரகமுவைத் தொழிலாளி ஒரு நாளும் மீறவில்லை.

இன்றும் பத்திரம் பெறும் வழி பெரிதும் மாறிவிடவில்லை. 2024 இல் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகள் அனைத்தையும் நவம்பர் 7 இற்குள் மீள்பரிசீலனைக்காக ஒப்படைக்கும்படி பணித்தது. தற்காப்புக்கென்று துவக்குப் பெற்றவர்களின் பட்டியலில் லயத்து முகவரியைத் தேடுவது வீண் வேலை. பயிர் காப்புத் துவக்கு வேண்டுமானால் காணியின் உரிமையைக் காட்ட வேண்டும். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டே இன்னும் போராடும் தொழிலாளி அதை எங்ஙனம் காட்டுவான்? ஆனால் பன்றிக்கு உறுதிப்பத்திரம் தெரியாது. லயத்துக்குப் பின்னால் அவன் நட்ட மரவள்ளியையும் வற்றாளையையும் அது தோண்டித்தான் செல்கிறது.

ஆகவே கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். கிராமப் பக்கம் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். இரும்புக் குழாயும் மருந்தும் நூலும் போதும், பத்திரம் வேண்டாம். கட்டுத்துவக்கின் நூலில் விறகு பொறுக்கப் போனவனின் கால் படுகிறது. கண்ணியில் பன்றிக்குப் பதிலாகச் சிறுத்தை சிக்குகிறது. சிறுத்தை பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதற்குச் சட்டம் உண்டு, அதிகாரிகள் உண்டு. அவர்கள் லயத்துக்கு வந்து, கம்பி யாருடையது என்று கேட்கிறார்கள்.