ஐந்தொகையும் பட்ஜெட்டும்: யாருக்கு ஒப்பித்த கணக்கு?

செட்டிநாட்டுக் கணக்குமுறையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் பெருமை பேசாமல் முடிப்பது அபூர்வம். வெள்ளைக்காரனுக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்கள் நாங்கள் என்கிற தொனியில் போய் நிற்கும். பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் பர்மாத் தேக்குத் தூண்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிற சுற்றுலாக்காரருக்கும் இதே கதைதான் கிடைக்கிறது. பெருமையைச் சற்று ஓரமாக வைப்போம். அந்தக் கணக்கு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று மட்டும் கேட்டால், அதே காலத்தில் கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குப் போன இன்னொரு கணக்கையும் கூடவே வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

பர்மாவில் கடையை நடத்துகிற ஏஜெண்டு மூன்று வருடக் கணக்குக்குப் போனவர். அன்றாட வரவு செலவைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றி, பற்றும் வரவும் நேராகிறதா என்று பார்த்து ஐந்தொகை எடுப்பார். அது ஊருக்கு வரும். முதலாளி கடல் தாண்டாமலே, வீட்டு முகப்பில் உட்கார்ந்தபடி, கடையின் நாடியைப் பிடித்துவிடலாம். 1900இல் பர்மாவில் வட்டித்தொழில் தொடங்கிய பள்ளத்தூர் ஏ.எம்.முருகப்ப செட்டியாரின் குடும்பத்திலிருந்து இன்றைய பெருந்தொழில் குழுமம் ஒன்று வளர்ந்தது. அப்படி வளர்வதற்கு இந்தத் தாள்களின் ஒழுங்கு அடிப்படை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஐராவதி டெல்டாவில் கடன் வாங்கிய விவசாயிக்குப் பேரேட்டில் ஒரு பெயர் உண்டு. ஐந்தொகைக்கு வரும்போது அந்தப் பெயரும் கரைந்து ஒரு கூட்டுத்தொகைக்குள் போய்விடுகிறது. அவனுக்கு யாரும் கணக்கு ஒப்பிக்கவில்லை.

இனி சாம்ராஜ்யத்தின் ஐந்தொகை. 1857 கலகத்தை அடக்கிய செலவில் கஜானா கடனில் கிடந்தபோது, அதைச் சரிசெய்ய லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன், 'எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1860 பிப்ரவரி 18இல் அவர் வைத்ததைத்தான் இந்தியாவின் முதல் பட்ஜெட் என்கிறோம். வருமான வரி அதில்தான் வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் வில்சன் கல்கத்தாவில் இறந்துபோனார்.

அந்த வரியை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் நம்ம சென்னையின் கவர்னர் சார்லஸ் டிரவெல்யன். புது வரி வேண்டாம், படைச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் கட்சி. இவரை உடனே நல்லவர் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி இவர்தான். சென்னையில் அவர் தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார். உடனே லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வரியை எதிர்த்ததை மன்னித்திருப்பார்கள். மேலிடத்துக்கு மட்டுமே போக வேண்டிய தாளை ஜனங்கள் படிக்கும்படி செய்ததுதான் குற்றம். 1862இல் அதே மனிதர் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார் என்பதிலிருந்து இது தெளிவாகிறது. காலனிய பட்ஜெட் நடைமுறையின் முதல் விதி அதன் முதல் வருடத்திலேயே இப்படி எழுதப்பட்டுவிட்டது.

நடைமுறை என்றால் என்ன? தாலுகாவிலிருந்து கலெக்டர், கலெக்டரிடமிருந்து ரெவின்யூ போர்டு, அங்கிருந்து மேலே, கடைசியில் லண்டனில் இந்தியா மந்திரி. வருடத்துக்கு மூன்று எண்கள்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைக் கணக்கு. மே மாதம் தொடங்கிக்கொண்டிருந்த நிதியாண்டை 1867இல் ஏப்ரலுக்கு மாற்றினார்கள். அதற்காக 1866-67ஐப் பதினோரு மாத வருடமாக வெட்டினார்கள். மார்ச் 31 வந்தால் இன்றைக்கும் நாம் ஓடுகிற ஓட்டம் அங்கே தொடங்கியதுதான். செட்டிநாட்டு ஊர்களோ பெரும்பாலும் சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களுக்குள் இருந்தவை. 1803இல் பேஷ்குஷ் நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டதால், உழுதவன் ஜமீனுக்கு எவ்வளவு அழுதாலும் சர்க்கார் கணக்கில் விழுந்தது மாறாத ஒரே தொகை.

1876-78 பஞ்சத்தில் இந்தத் தாள்களின் உண்மையான பலம் தெரிந்தது. 1874இல் பீகாரில் தாராளமாகச் செலவழித்தார் என்று திட்டு வாங்கிய ரிச்சர்ட் டெம்பிள், இந்த முறை சிக்கனத்தை நிலைநாட்டும் தூதராகச் சென்னைக்கு வந்தார். நிவாரண வேலையில் இருந்த ஆளுக்குத் தானியக் கணக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு என்று இறங்கியது. சென்னையின் சுகாதார கமிஷனர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று வாதாடினார். செத்தவர்கள் லட்சக்கணக்கில்.

அதன்பிறகு 1878இல் நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ரேச்சி 'பஞ்சக் காப்பீடு' என்று வருடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கப்போவதாக அறிவித்தார். அதற்கென்று வியாபாரிகள் மீது லைசென்ஸ் வரி வந்தது. ஜனங்கள் அதை ஒரு நிதி என்று நினைத்தார்கள், எங்கேயோ ஒரு பெட்டியில் சேர்ந்துகொண்டிருக்கும் பணம் என்று. பெட்டி எதுவும் கிடையாது, பட்ஜெட்டில் ஒரு தலைப்பு மட்டுமே. ஆப்கன் யுத்தம் வந்தபோது வரி தொடர்ந்தது. தலைப்பின் கீழ் வர வேண்டிய பணம் வரவில்லை. பஞ்சத்தின் பேரால் வாங்கியது யுத்தத்துக்குப் போனது என்று பல வருடங்கள் கண்டனம் நடந்தது.

அந்த யுத்தத்தின் கணக்கே 1880இல் சிரிப்பாய்ச் சிரித்தது. அறிவித்த செலவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு உண்மைச் செலவு. ராணுவக் கணக்கு இலாகா, தணிக்கையாகி வந்த தாள்களை வைத்து மதிப்பிட்டது. தாள்கள் வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. இதற்கிடையில் கஜானாக்களிலிருந்து ரொக்கம் ஓடிக்கொண்டேயிருந்தது. பள்ளத்தூர் முதலாளி இப்படி ஒரு ஏஜெண்டை வைத்திருந்தால் அடுத்த கப்பலில் கூப்பிட்டிருப்பார். ஸ்ட்ரேச்சியும் அந்த வருடமே பதவி விலக நேர்ந்தது. செலவின் பெரும்பங்கை இந்திய வரிகட்டியே சுமந்தான்.

1892 சட்டம் சட்டசபையில் பட்ஜெட்டைப் பற்றிப் பேச அனுமதித்தது, ஓட்டுப்போட அனுமதிக்கவில்லை. 'சுதேசமித்திரன்' ஜி.சுப்பிரமணிய ஐயர் 1897இல் வெல்பி கமிஷன் முன்னால் சாட்சி சொல்ல லண்டனுக்குப் போனார். இந்தியச் செலவைப் பற்றிக் கேள்வி கேட்க இந்தியன் கப்பலேற வேண்டியிருந்தது. 1919 சட்டம் ஓட்டுக்கு உரியது, ஓட்டுக்கு அப்பாற்பட்டது என்று செலவைப் பிரித்தது. நமது அரசியலமைப்புச் சட்டத்தில் ஓட்டுக்கு விடப்படாத 'சாட்டுதல் செய்யப்பட்ட செலவு' என்று ஒரு வகை இருப்பதை நண்பர்கள் கவனிக்கலாம்.

இரண்டு கணக்குகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் வருமான வரி. 1922 சட்டப்படி, வெளிநாட்டில் சம்பாதித்த லாபம் மூன்று வருடத்துக்குள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வந்தால்தான் வரி. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்தது. சிலோனும் மலேயாவும் வெளியே. கொழும்பிலிருந்து வந்த தொகை முதலா, லாபமா? தமிழ் எண்ணும் தமிழ் எழுத்துமாக இருந்த பேரேட்டை வைத்துக்கொண்டு அதிகாரியும் செட்டியாரும் மல்லுக்கட்டினார்கள். இந்தச் சண்டையைக் காலனிய எதிர்ப்பாக வாசிக்கிற ஆசை நமக்கு வரலாம். வேண்டாம். மேலே போகிற இரண்டு கணக்குகள் பங்குக்காகப் போட்ட சண்டை அது. பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்கு வந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல்போய் 1937இல் நூற்றுக்கு 25. பர்மிய விவசாயியின் மொழியில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். ஐந்தொகையில் ரொக்கக் கடன் நிலமாக இடம் மாறியது, அவ்வளவே.

தலைப்பு மட்டும் இருந்து பணம் வராத வித்தை 1880களோடு முடிந்துவிடவில்லை. தலித் மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டத்துக்கு ஒதுக்கிய நூற்றுக்கணக்கான கோடி ரூபாயை டெல்லி அரசு காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பியது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய தாள்களால்தான் அது வெளியே வந்தது. 2010இல் மாநிலங்களவையில் அதை ஒப்புக்கொண்டவர் அன்றைய உள்துறை அமைச்சர், கண்டனூர்க்காரர் ப.சிதம்பரம். பட்ஜெட் புத்தகங்களில் அந்தத் திட்டத்தின் சிறுதலைப்புக்கு எண் 789. எதிரே வில்சன் காலத்து வாரிசுகளாக அதே மூன்று வகை எண்கள். வேலை செய்கிற தோழர்கள் மதிப்பீட்டை விட்டுவிட்டு நேராக உண்மைக் கணக்கு என்ற பத்திக்குப் போவார்கள். அதில் அச்சாகியிருப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய செலவு.