வெப்பப் பிளாஸ்மாவில் பீங்கான் துகள்கள்

வெப்பப் பிளாஸ்மா என்பது மின்வில்லால் அயனியாக்கப்பட்ட, மிகச் சூடான வாயு. அதைச் சுடராக உமிழும் கருவியான டார்ச்சின் வாயருகே அதன் வெப்பநிலை 10,000 கெல்வினைத் தாண்டும். அந்தச் சுடருக்குள் அலுமினா, சிர்க்கோனியா முதலிய பீங்கான் தூள்களைச் செலுத்தி உருண்டையாக்குவதும், உருகிய துகள்களை உலோகத்தின்மேல் பூச்சாகப் படிய வைப்பதும் இத்துறையின் முக்கிய வேலைகள். தமிழகத்தில் இந்த ஆய்வு வேரூன்றிய இடங்களுள் ஒன்று, மருதமலை அடிவாரத்தில் உள்ள கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை. அங்கிருந்து கே. ராமச்சந்திரன், வி. செல்வராஜன் ஆகியோர் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினருடன் சேர்ந்து, பிளாஸ்மாவால் பூசிய அலுமினா, அலுமினா-டைட்டேனியா படலங்களின் நுண்ணமைப்பு, ஒட்டும் வலிமை, கடினத்தன்மை, தேய்மானத் தாங்குதிறன், மின்தடை ஆகியவற்றை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டனர்.

அலுமினா ஏறத்தாழ 2,050 டிகிரி செல்சியசிலும், சிர்க்கோனியா 2,700 டிகிரியிலும் உருகும். சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்டுப் பெறும் மக்னீசியாவுக்கு 2,800 டிகிரி வேண்டும். சுடரின் வெப்பம் இவற்றைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் எல்லாத் துகளும் உருகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. துகள் சுடருக்குள் இருப்பது சில மில்லிவினாடிகள்தான். அந்த இமைப்பொழுதில் வெப்பம் மையம்வரை போய்ச் சேர வேண்டும்.

பீங்கான் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். சிர்க்கோனியா இதில் மிக மந்தம். எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டால் போண்டா வெளியே கருகி உள்ளே மாவாக நிற்குமே, அதே நிலைமைதான் இங்கும். பெரிய துகளின் மேற்பரப்பு கொதித்து ஆவியாகும்போதும் நடுப்பகுதி திடமாகவே இருக்கக்கூடும். வெளியேறும் ஆவி துகளைச் சுற்றிப் போர்வைபோல் நின்று, மேலும் வெப்பம் உள்ளே வருவதைக் குறைக்கிறது. மிகச் சிறிய துகளுக்கோ வேறு தொல்லை: சுடரின் மையத்தைத் துளைத்துப் போக அதற்கு உந்தம் போதாது, ஓரத்திலேயே அடித்துச் செல்லப்படும், நடுவே சிக்கினால் முழுதும் ஆவியாகும். டார்ச்சின் திறனைக் கூட்டுவதைவிடத் தூளை ஒரே அளவாகச் சலித்தெடுப்பதே பெரும்பாலும் நல்ல பலன் தரும். பூச்சு வேலைக்கு 20 முதல் 60 மைக்ரான் வரையிலான தூள் பொதுவாக ஏற்றது.

வாயுவின் தன்மையும் முக்கியம். ஆர்கான் மட்டும் இருந்தால் வெப்பம் துகளுக்குள் மெதுவாகவே ஏறும். கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்த்தால் அதன் மூலக்கூறுகள் பிளவுபட்டு, துகளின் மேற்பரப்பருகே மீண்டும் இணைந்து வெப்பத்தைக் கொட்டும்.

உருகிய துளியைப் பரப்பு இழுவிசை உருண்டையாக்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும்: உள்ளே போனது உடைத்த ஜல்லிபோல் கூர்விளிம்புடைய துகள்; வெளியே வந்தது வழவழப்பான கோளம். பாதி உருகியவை ஒருபுறம் உருண்டும் மறுபுறம் கூராகவும் நிற்கும். உருண்டைத் தூள் புனலில் அடைத்துக்கொள்ளாமல் தடையின்றி ஓடும்.

உலோகத்தின்மேல் மோதும் துளி தட்டையாகிப் பரவி, வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவிலான வேகத்தில் குளிர்கிறது. அதனால் படிக அமைப்பே மாறுகிறது. உறுதியான ஆல்பா அலுமினாவாகப் போன தூள், பூச்சில் பெரும்பாலும் காமா அலுமினாவாக உறைகிறது. பூச்சில் ஆல்பா மிகுந்திருந்தால், மையம் உருகாத துகள்கள் கலந்துள்ளன என்று சந்தேகிக்கலாம். வெள்ளை டைட்டேனியா சுடரில் ஆக்சிஜனை ஓரளவு இழந்து கருக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் சிர்க்கான் போன்ற கனிமம், உருகுவதோடு நில்லாமல் சிர்க்கோனியாவாகவும் சிலிக்காவாகவும் பிரிந்துவிடும்.

பஞ்சும் நூலும் பம்பும் பிழைப்பாக உள்ள கொங்கு நாட்டுக்கு இது தொலைவான இயற்பியல் அல்ல. ஓயாமல் ஓடும் நூல் உலோகத்தையும் அறுத்துத் தேய்க்கும். மணல் கலந்த தண்ணீர் பம்பின் ஷாஃப்ட் ஸ்லீவை அரிக்கும். அலுமினா-டைட்டேனியா, குரோமியம் ஆக்சைடு பூச்சுகள் உலகெங்கும் இத்தகைய பாகங்களுக்குத்தான் பயன்படுகின்றன. அவற்றில் உருகாத துகள் கலந்தால் அதைச் சுற்றி நுண்துளைகள் விழும். பூச்சு முதலில் பெயர்வதும் அங்கேதான்.