ஏரித் தண்ணீர் இலவசம்தான், கரை யார் பொறுப்பு?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது டாக்டர். (டாக்டரை 'அவன்' என்கலாமா என்று கேட்காதீர்கள், எனக்கு அவன் பையன்தான்.) சொந்தமாகக் கிளினிக் தொடங்கப் போகிறான். "டீச்சர், நோயாளிங்க விவரம் எல்லாம் இனிமே கம்ப்யூட்டர்லதான். அதுக்கு சாப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது. ஒரு பைசா செலவில்லை" என்றான். நான் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன்.

பைக்குள் இருந்தவை என் வீட்டுக்காரரின் லேப் சீட்டுகள். ஆறு வருடம் ஒரே தனியார் கிளினிக்கில் சர்க்கரைக்கு வைத்தியம் பார்த்தார். விவரம் எல்லாம் அவர்கள் கணினியில் ஏறும். பிறகு கால் வீக்கம் என்று சிறுநீரக டாக்டரிடம் போனோம். "கிரியேட்டினின் எப்போதிலிருந்து ஏறுது? பழைய ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டார். பழைய கிளினிக்குக்கு ஓடினேன். "அந்த சாப்ட்வேரை முதல்ல இலவசமா குடுத்தாங்கம்மா. அப்புறம் மாசக் கட்டணம் கேட்டாங்க. வேற மாத்திட்டோம். பழசு இதுல ஏறல" என்றார்கள். நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்த சீட்டுகள்தான் கைகொடுத்தன. அதிலும் நடுவில் இரண்டு வருடச் சீட்டுகள் இல்லை. அதற்கு முந்தைய சீட்டில் அளவு சரியாக இருந்தது. அதற்குப் பிந்தைய சீட்டில் ஏறியிருந்தது. நமக்கு வேண்டிய அந்த இரண்டு வருடம்தான் காணாமல் போனது. இப்போது மருந்தில் இருக்கிறார், பரவாயில்லை. ஆனால் அன்றிலிருந்து 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டால் இதன் வரலாறு என்ன என்று தேடிப் படிக்கத் தொடங்கிவிட்டேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனு என்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம் என்பது அவர் கொள்கை. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்கு 'காசு இல்லை' என்றும் பொருள், 'சுதந்திரம்' என்றும் பொருள். அதனால் இன்றுவரை அங்கே குழப்பம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒன்று இலவச மென்பொருள், மற்றது கட்டற்ற மென்பொருள். ஒருவர் உங்களுக்கு ஒருவேளை சோறு போடுகிறார். இன்னொருவர் விதைநெல் கொடுக்கிறார். இரண்டுக்கும் காசு வாங்கவில்லைதான். ஆனால் சோறு போட்டவர் நாளைக்குக் கதவைச் சாத்தினால் நமக்குப் பட்டினி. விதைநெல் நம் கையில் இருந்தால் பாடுபட்டுப் பிழைத்துக்கொள்ளலாம்.

சோறு போட்ட கதை ஒன்று சொல்கிறேன். பிராக்டிஸ் ஃப்யூஷன் என்ற நிறுவனம் 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. டாக்டர்களுக்கு நோயாளிப் பதிவு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. வருமானம் மருந்துக் கம்பெனி விளம்பரம் போன்ற வழிகளில். 2018-ல் இன்னொரு நிறுவனம் அதை 10 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஆண்டே டாக்டர்கள் சந்தா கட்ட வேண்டி வந்தது. அதைவிட மோசமான செய்தி 2020 ஜனவரியில் வந்தது. அபின் வகை வலி மருந்து தயாரிக்கும் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு, டாக்டரின் திரையில் வலி சிகிச்சை பற்றிய நினைவூட்டல்கள் அந்த மருந்துக்குச் சாதகமாக வரும்படி அமைத்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்கைத் தீர்க்க 14.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. காசு கொடுக்காத டாக்டருக்கும் அவரை நம்பிய நோயாளிக்கும் நடுவில் காசு கொடுத்த மூன்றாவது ஆள் உட்கார்ந்திருந்தான்.

அடுத்தது விதைநெல் கதை. 2004-ல் இண்டியானாவைச் சேர்ந்த டாக்டர்கள் பர்க் மாம்லின், பால் பயோண்டிச் ஆகியோர் ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். கென்யாவின் எல்டோரெட் பகுதியில் எச்.ஐ.வி. நோயாளிகள் பெருகி, காகிதத்தில் சமாளிக்க முடியாத நிலையில் பிறந்தது அது. நம் நாட்டில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே கனியாரி என்ற கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு மருத்துவமனை இருக்கிறது. தாட்வொர்க்ஸ் நிறுவனத்தார் அங்கே போய், ஓப்பன்எம்ஆர்எஸ்ஸோடு ஆய்வகத்துக்கும் கணக்குக்குமான வேறு கட்டற்ற மென்பொருள்களைச் சேர்த்து 'பாம்னி' என்று ஒன்றை உருவாக்கினார்கள். ஏழைகளுக்கான கிராமத்து மருத்துவமனைக்காகச் செய்தது இன்று பல நாடுகளில் ஓடுகிறது. யாரும் கதவைச் சாத்த முடியாது, ஏனென்றால் கதவே இல்லை.

அப்படியானால் கட்டற்றது என்றால் செலவே இல்லையா? இங்கேதான் மூன்றாவது கதை. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 1970-களின் கடைசியில் டாக்டர்களும் நிரலாளர்களும் சேர்ந்து எழுதத் தொடங்கியது பின்னாளில் விஸ்டா எனப்பட்டது. அரசு ஊழியர்கள் எழுதியதால் அது பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஜோர்டான் நாடு 'ஹகீம்' திட்டத்துக்கு அதைத்தான் எடுத்தது. ஆனால் அது எழுதப்பட்ட 'மம்ப்ஸ்' மொழி 1960-களைச் சேர்ந்தது. அதைத் தெரிந்தவர்கள் வயதாகி ஓய்வு பெற்றுக்கொண்டே போனார்கள். பராமரிப்பே பெரும் செலவாயிற்று. கடைசியில் 2018-ல் அதை மாற்ற ஒரு தனியார் நிறுவனத்தோடு சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் புதுசும் சிக்கலில் மாட்டி, 2023-ல் மற்ற மருத்துவமனைகளில் நிறுவுவதை நிறுத்திவைத்தார்கள். பொதுச்சொத்துக்கும் செலவு உண்டு. விலை கொடுத்து வாங்கினாலும் நிம்மதி நிச்சயம் இல்லை.

நம் பனமலை ஏரியை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்கு யாரும் விலை கேட்டதில்லை. ஆனால் கரையும் மதகும் தாமாகவா நின்றன? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஊர்ச்சபையில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருந்தது என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பிற்காலத்தில் குடிமராமத்து. ஊரார் கூடித் தூர்வாரிக் கரை பலப்படுத்தியதால்தான் இலவசத் தண்ணீர் இலவசமாகவே இருந்தது. கட்டற்ற மென்பொருளும் அப்படித்தான். உரிமம் இலவசம். ஆனால் சர்வர், மின்சாரம், தினசரி நகல், பழுது பார்க்கும் ஆள், நர்ஸுக்குப் பயிற்சி, இவை எல்லாம் கரை வேலை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, அவ்வளவு பெரிய மருத்துவமனையே பல நாள் பேப்பரும் பேனாவுமாக வேலை பார்த்ததே, மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மலைமேல் தாளகிரீஸ்வரர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் வெட்டுவித்த கிரந்தக் கல்வெட்டு இருக்கிறது. சுற்றுலா கூட்டிப்போனபோது உங்களில் பலர் தொட்டுப் பார்த்தீர்கள். சுமார் 1,300 வருடமாகத் திறந்தவெளியில் இருக்கிறது, பூட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேரால் படிக்க முடிந்தது? எழுத்து தெரிந்த அறிஞர்கள் வந்து படித்துச் சொன்ன பிறகுதான் நமக்குத் தெரிந்தது. கணினிப் பதிவும் அப்படியே. கையில் கோப்பு இருந்தும் அதைத் திறக்கும் மென்பொருள் இல்லை என்றால் அது வாசிக்கத் தெரியாத கல்வெட்டு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பையனிடம் நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால், எல்லா விவரத்தையும் மற்றவர்களும் படிக்கக்கூடிய வடிவில் வெளியே எடுக்க முடியுமா?
2. காசு வாங்காத நிறுவனம் எதில் சம்பாதிக்கிறது?
3. நோயாளி விவரம் எந்தக் கணினியில் இருக்கிறது, அதை யார் யார் பார்க்கலாம்?
4. பழுதானால் யார் வருவார்கள், அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

நான்காவதற்கு ஒரு வழியும் சொன்னேன். நம் விழுப்புரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தருகிறது. அப்படிப் படித்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால், அந்தக் காசு கரை வேலைக்கான கூலி. தலையாட்டினான். கிளினிக் திறக்கும்போதுதான் தெரியும்.

நோயாளிகளான நமக்கும் பொறுப்பு உண்டு. மத்திய அரசின் 2016-ம் ஆண்டு மின்னணுப் பதிவுத் தரநிலைகள் நம் உடல்நல விவரத்துக்கு நாமே உரிமையாளர் என்கின்றன. மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவைத் தர வேண்டும். நான் அன்று இது தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். நீங்கள் வராதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவின் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, போனில் படம் எடுத்து வையுங்கள். சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டு மஞ்சப்பை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

உங்களில் ஆஸ்பத்திரியிலும் கணினித் துறையிலும் இருப்பவர்கள் பலர். நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். அப்போது உங்கள் நோட்டில் சிவப்பு மையில் நான் எழுதினேன், இப்போது உங்கள் முறை.

அன்புடன்,
உங்கள் டீச்சர், பனமலை